அப்பாவுக்கு ரப்பர் விதைச் சாவிக்கொத்து

ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை வரும் தந்தையர் தினத்திற்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வாழும் பிள்ளைகள் மூன்று ரப்பர் விதைகளைக் கோத்து அழகான சாவிக்கொத்து ஒன்றைச் செய்து தரலாம். ஒரே மரத்தின் விதைகள் வடிவிலும் பழுப்புப் புள்ளிகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் என்பதால், மூன்று விதைகளையும் ஒரு மரத்தடியிலேயே பொறுக்குவது நல்லது.

விரிசல் இல்லாத விதைகளைக் கழுவிச் சில நாள் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். துளையிடும் வேலையைக் கட்டாயம் பெரியவரே செய்ய வேண்டும். இரு முனைகளிலும் துளையிட்ட பின், ஊக்கினால் உள்பருப்பைச் சிறிது சிறிதாகக் குடைந்து எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் பருப்பை உள்ளே விட்டுவைத்தால் நாளடைவில் சிக்கு வாடை வீசும். பச்சைப் பருப்பில் சயனைடை வெளியிடும் நச்சுப்பொருள் இருப்பதால், சிறு பிள்ளைகள் அதை வாயில் வைக்காதபடி அருகிலிருந்து கவனித்து, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

வண்ணம் பூசி இயற்கையான கோலத்தை மறைப்பதை நான் விரும்புவதில்லை. மெல்லிய வார்னிஷ் இரண்டு முறை பூசினாலே ஓடு பளபளக்கும். பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தைச் சீவிய குடும்பங்களில் இந்தப் பரிசுக்குத் தனி மதிப்பு உண்டு. வார்னிஷ் காய்ந்ததும் உறுதியான நூலில் கோத்து, வளையத்தில் இறுக முடிச்சிடலாம்.