பங்குனி, சித்திரையில் கரைப்பறவைகளைப் பார்ப்பது எப்படி?

நீர்க்கரைச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளில் ஒன்றான கொசு உள்ளான் முட்டையிடுவது, வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற குளிர்வெளியான ஆர்க்டிக் துந்திராவில். குளிர்காலம் முழுவதும் இரை பொறுக்குவது சென்னைக்குத் தெற்கே உள்ள நம் முட்டுக்காட்டுச் சேற்றில். எடை முப்பது கிராம்கூடத் தேறாத அந்தப் பறவை, மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்புகிறது. வழியனுப்பப் போவோமா?

1. இடமும் நேரமும்

புதியவர்களுக்கு முட்டுக்காடுதான் என் முதல் பரிந்துரை. காயல் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே விரிந்து கிடப்பதால், காலை வெயில் நம் முதுகில் விழும். பறவையின் நிறம் துலக்கமாகத் தெரியும். மாலையில் போனால் எல்லாமே கருநிழல்தான். அடையாறு முகத்துவாரத்துக்குப் போவதானால் ஓதம் வற்றும், அதாவது கடல்நீர் வடிந்து இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வடிந்து சேறு அகலமாக வெளிப்படும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலோ கோடை வெயில் ஏறி நீர் வற்ற வற்றத்தான் சேறு தெரியும்.

2. கையில்

8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.), தொப்பி, தண்ணீர், சிறு நோட்டு. போதும்.

3. கரையிலேயே நில்லுங்கள்

சேற்றில் இறங்காதீர்கள். மேய்ந்த பறவைகள் கொத்துவதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், இரண்டடி பின்வாங்குங்கள். நெடும்பயணத்துக்கான கொழுப்பை அவை சேர்க்கும் காலம் இது. ஒரு படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது அந்தச் சேமிப்பைத் திருடுவதுதான்.

4. நிறத்துக்கு முன் நடை

உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடும். குடுகுடுவென ஓடும், சட்டென நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அலகு குட்டை, கண் பெரிது. கொசு உள்ளானுக்கு நிற்கவே தெரியாது. தலையைக் கவிழ்த்தபடி தையல் மெஷின் ஊசிபோலக் கொத்திக்கொண்டே போகும். கருவால் மூக்கன் ஆழமான நீரில் நின்று, நீண்ட நேர் அலகைச் சேற்றுக்குள் செலுத்தும்; சில சமயம் தலையே நீருக்குள் போய்விடும். கால் செம்மஞ்சளாக, பறக்கும்போது இறக்கையின் பின்னோரம் பளீர் வெள்ளையாக இருந்தால் பவளக்காலி.

இந்தப் பருவத்தில் நிறத்தை மட்டும் நம்பினால் குழப்பம்தான். கீழ்நோக்கி வளைந்த அலகுள்ள வளைமூக்கு உள்ளானைக் கவனியுங்கள்: ஒன்று குளிர்கால சாம்பல் நிறத்தில் நிற்கும், பக்கத்தில் இன்னொன்று மார்பெல்லாம் செங்கல் சிவப்பாக நிற்கும், மூன்றாவதோ திட்டுத்திட்டாக இரண்டுங்கெட்டானாக இருக்கும். மூன்றும் ஒரே இனம். இனப்பெருக்கத்துக்கான இறகு முளைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதைக் காண்பதற்காகவே நான் டிசம்பரைவிட ஏப்ரலை விரும்புகிறேன்.

5. குறிப்பு

தேதி, நேரம், நீர்மட்டம், எண்ணிக்கை, சிவந்தவை எத்தனை என எழுதி, பறவைக் குறிப்புகளைச் சேகரிக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதியுங்கள். பெயர் உறுதியாகத் தெரியாததை 'உள்ளான் வகை' என்றே விடலாம். சில வாரம் கழித்து அதே இடத்துக்கு மீண்டும் போங்கள். கூட்டம் குறைந்திருக்கும், மிச்சமிருப்பவற்றில் சிவப்பு கூடியிருக்கும்.