நாளையிலிருந்து ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு

என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் உடற்பயிற்சி நல்லது என்று தெரியாதவர் யாருமில்லை. ஆகவே அதைப் பற்றி நான் பேசுவதே கிடையாது. பயிற்சித் தாளை எடுத்ததும் ஒன்றைத்தான் கேட்பேன்: "எப்போ, எங்கே செய்வீங்க?"

"காலையில செஞ்சிடுவேன் மேடம்" என்றால் விடமாட்டேன். காலை என்பது நாலைந்து மணி நேரம். அதற்குள் நூறு வேலை வந்துவிடும். "பல் தேய்ச்சு முடிச்சதும், ஹால்ல நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கி இறக்குவேன்" என்று அவர்கள் கையாலேயே எழுதிய பிறகுதான் தாள் கைக்குப் போகும். நீங்களும் அப்படி ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலை, அதன் பின்னாலேயே பயிற்சி, இன்ன இடம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த முறையைத்தான் பல வருடங்கள் ஆராய்ந்தார். அதை வைத்துப் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. 248 மாணவர்கள்; வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்களா என்பதுதான் கேள்வி. சும்மா விடப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இதய நோயின் ஆபத்தைப் பற்றிப் படிக்கக் கொடுத்தவர்களில் 35. அதே தகவலோடு நாள், நேரம், இடத்தையும் எழுதி வைத்தவர்களில் 91! மாணவர்கள் தாங்களே சொன்ன கணக்கு என்பதால் அந்த 91-ஐ அப்படியே நம் வீட்டில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பயமுறுத்தியே நோயாளியை நடக்க வைக்கலாம் என்று நினைக்கும் மருத்துவர்கள் அந்த 35-ஐக் கொஞ்சம் பார்க்கலாம்.

வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான். வார்த்தை திக்கும் அளவுக்கு மூச்சு வாங்கினால் பெரும்பாலானோருக்கு அந்த நேரமே கசந்துவிடும். கசந்ததை மனம் மறுநாள் தள்ளிப்போடும். உடல் சூடேறிய பிறகு கடினமானதை முதலில் செய்து, போகப் போகக் குறைத்து, லேசானதோடு முடியுங்கள். அப்படி முடித்தால் பின்னர் நினைத்துப் பார்க்கும்போதும் இனிமையாகவே தோன்றுகிறது என்று 2016-இல் ஒரு சோதனை காட்டியது.

இனி, எல்லோரும் கோட்டைவிடும் இடம்: ஒரு நாள் தவறுவது. உறவினர் வருகிறார், காய்ச்சல் வருகிறது, அத்தோடு "எல்லாம் போச்சு" என்று தாள் அலமாரிக்குள் போகிறது. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய பழக்கம் படிய ஆன காலத்தின் இடைநிலை 66 நாள்; அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதகமில்லை. 2021-இல் அமெரிக்காவில் ஜிம் உறுப்பினர்கள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 54 உத்திகளைச் சோதித்தார்கள். தவறவிட்டுத் திரும்பி வந்தவருக்குச் சில்லறைக் காசு அளவில் ஒரு சிறு பரிசு கொடுத்ததுதான் அவற்றில் முன்னணியில் நின்றது. திரும்பி வருவதற்குப் பரிசு, பாருங்கள்.

அதனால் தாளில் இரண்டாவது வரியையும் இன்றே எழுதுங்கள்: "தவறினால், மறுநாள் அதே நேரம், பாதி அளவு." விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகச் செய்யவே செய்யாதீர்கள், முழங்கால் அதற்கு வட்டி கேட்கும்.

தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் பார்த்தும் அந்த நேரம் ஒத்துவரவில்லையா, பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பயிற்சி அப்படியே இருக்கட்டும், நேரம் மாறட்டும். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.