பரோக் காலப் போர் அச்சோவியங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லொரேன் நாட்டு அச்சோவியர் ழாக் கல்லோ 1633இல் வெளியிட்ட 'போரின் பெருந்துயரங்கள்' தொகுப்பின் 11ஆம் தகட்டில் (செப்புத்தகட்டிலிருந்து தாளில் பதித்த படத்தில்), ஒரு பெரிய மரத்தின் கிளைகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் தூக்கில் தொங்குகிறார்கள். அவர்களை அப்பாவிக் குடியானவர்கள் என்று எடுத்துக்கொள்வதே இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு. படத்தின் அடியிலுள்ள பிரெஞ்சுச் செய்யுள் அவர்களைத் திருடர்கள் என்றே சொல்கிறது; கொள்ளையடித்த படைவீரர்களுக்கு அவர்களுடைய படையே தரும் தண்டனை இது.

தனிப் படமாகப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பதினெட்டுத் தகடுகளில் முதலாவது தலைப்புப் பக்கம்; மற்றவை ஆள்சேர்ப்பில் தொடங்கி, சண்டை, பண்ணைவீட்டுக் கொள்ளை, எரியும் கிராமம், பலவகைத் தண்டனைகள், மருத்துவமனை, குடியானவர்களின் பழிவாங்கல் என்று நகர்ந்து, அரசர் வெகுமதி வழங்கும் காட்சியில் முடிகின்றன. ஆகவே இதைப் போரை முற்றிலும் மறுக்கும் குரலாக மட்டும் வாசிப்பதும், அதே ஆண்டு செப்டம்பரில் கல்லோவின் சொந்த ஊரும் அன்று தனி நாடாக இருந்த லொரேனின் தலைநகருமான நான்சி பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்ததன் நேரடிப் பதிவாகக் கொள்வதும் அவசர முடிவுகள். கட்டுப்பாடு இழந்த படை என்னவாகும் என்ற கவலை இதில் அழுத்தமாக இருக்கிறது.

கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மூலப்படத்தின் உயரமே ஏறத்தாழ 8 செ.மீ.தான் என்றாலும், பெரிதாக்கிப் பார்த்தால் ஏணியில் ஏறி நின்று சிலுவையை நீட்டும் பாதிரியாரும், மரத்தடியில் முரசின்மேல் பகடை உருட்டுபவர்களும் தெரிவார்கள். என்னைப் பொறுத்தவரை, தொங்கும் உடல்களைவிட அந்தப் பகடையே நெஞ்சை அதிகமாக உலுக்குகிறது.

இவற்றை உளியால் வெட்டிய படங்கள் என்று எழுதுவதும் சரியல்ல. செப்புத்தகட்டில் கெட்டியான மெருகெண்ணெய்ப் பூச்சைத் தடவி, ஊசியால் கோடிட்டு, அமிலத்தில் அரிக்கவிடும் முறை இது. சில கோடுகளை இடையில் மூடிவிட்டு மற்றவற்றை மேலும் அரிக்கவிட்டதால்தான் தொலைவிலுள்ள படை மெல்லிய கோடுகளாகவும் முன்னே நிற்பவர்கள் அழுத்தமான கருமையிலும் தெரிகிறார்கள். தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறிப் பதியும் என்பதால், இடக்கையில் வாள் பிடித்தவரைக் கண்டவுடன் அவரை இடக்கைக்காரர் என்று முடிவுகட்டக் கூடாது.

முற்றுகைப் படங்களைக் கண்ணால் கண்ட காட்சியாக நம்புவதும் தவறு. 1625இல் ஸ்பானியப் படையிடம் சரணடைந்த, நெதர்லாந்திலுள்ள பிரெடா நகரை, ஸ்பானிய நெதர்லாந்தின் ஆளுநராக இருந்த இளவரசி இசபெல்லாவுக்காக ஆறு தகடுகளில் கல்லோ பின்னர் வரைந்தார். முன்னே மனிதர்கள் பெரிதாக நிற்க, பின்னே நிலம் வானிலிருந்து பார்க்கும் வரைபடமாக விரிகிறது. எங்கே நின்றாலும் எந்தக் கண்ணுக்கும் அப்படித் தெரிந்திருக்காது.