காரைத் தாழ்த்தியாச்சா? டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள்

ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியவர்கள், வெளியே நின்று பார்த்துவிட்டு ‘பட்டன் நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள் (பட்டன் என்றால் டயரில் ரோட்டைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி). தேய்வது உள்பக்கம். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, முன்சக்கரத்தின் உள்விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சக்கரத்துக்குக் குனிந்துதான் ஆகவேண்டும்.

அடுத்து, பட்டன் மேல் குறுக்காக உள்ளங்கையால் தடவுங்கள், முதலில் வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளிருந்து வெளியே. (கம்பி தெரிந்தால் கை வைக்காதீர்கள், டயரை மாற்றுங்கள்.) ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப்பல் போல உறுத்தல் என்றால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியில்லை. உறுத்தல் இல்லாமல் உள்விளிம்பு மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு).

எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய வில்லன் டோதான். வண்டி இறங்கும்போது அதுவும் மாறிவிடுகிறது; பிறகு சக்கரம் நேராக உருளாமல் ரோட்டில் உரசிக்கொண்டே ஓடும்.

ஆகவே ஸ்பிரிங் போட்ட அன்றே டோவைச் சரிசெய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமரும். அப்போது முழு வீல் அலைன்மென்ட் (எல்லாச் சக்கரக் கோணங்களும்) பாருங்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாக, அதாவது அனுமதித்த அளவுக்குள், இருப்பது மட்டும் போதாது, இடது வலது எண்கள் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் முன்பக்கக் கேம்பரைச் சரிசெய்ய வசதியே இருக்காது. அதற்குக் கேம்பர் போல்ட் தனியாகப் போடவேண்டும்.