காசு கொடுத்துப் புகையானைக் கூப்பிடாதீர்கள்

பக்கத்து வயல் தம்பி சென்னை வேலையை விட்டுவிட்டு இந்த சம்பாவில்தான் முதல்முறையாக நெல் போட்டிருக்கிறார். நட்டு 25-ஆம் நாள், ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். "இலை சுருட்டு வந்துடுச்சுண்ணே." இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து பச்சையைச் சுரண்டுகிற புழுவைச் சொல்கிறார். போய்ப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு இலை வெளுத்திருந்தது. 12 வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். முகத்தை மூடு, காற்றுக்கு எதிரே அடிக்காதே என்பதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, அதை விடுங்கள். தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சிப் பயிரைக் காயவைக்கிற புகையான் பூச்சியை நாமே கூப்பிடுகிற தப்புகள் இவை.

இலை வெளுத்ததும் பைரித்ராய்டு அடிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிகிறது. அந்த வருடம் 3 மா நிலத்தில் ஆந்திரா பொன்னி. கடையில் இலையைக் காட்டினேன், சைபர்மெத்ரின் என்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து கொடுத்தார்கள், அடித்தேன். மூன்றாம் நாள் வயல் பளிச்சென்று இருந்தது, காலைப் பனியில் மின்னுகிற சிலந்தி வலை ஒன்றுகூட இல்லை, அது எனக்கு உறைக்கவில்லை. கதிர் வருகிற நேரத்தில் நடுவயலில் ஒரு பாய் அகலத்துக்குப் பயிர் பழுத்தது, பத்தே நாளில் களம் அளவுக்குக் காய்ந்து படுத்துவிட்டது. தூரைப் பிரித்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அப்பிக்கொண்டிருக்கிறது புகையான். வைக்கோலைக்கூட மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

புகையான் இலையுறைக்குள் முட்டையைச் செருகி வைக்கும், மருந்து அங்கே போகாது. மேலே அடிப்பது தூர் வரைக்கும் சரியாக இறங்குவதும் இல்லை. ஆனால் தூருக்கும் இலைக்கும் ஏறி இறங்கித் திரிகிற சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சித் தின்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வரும்போது கேட்க ஆளில்லை. இந்தோனேசியாவில் இதே கூத்து நாடு முழுக்க நடந்து, 1986-இல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். எனக்குப் புரிய ஒரு போகம் போனது.

இளம் பயிர் நாலு இலை போனால் வேறு இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். தூர்கட்டும் பருவத்தில் 10 சதவீத இலை சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில், அதாவது கதிரை ஒட்டி வருகிற கடைசி இலையில், 5 சதவீதம், அதைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றிப் பேச்சே.

பச்சையாக இருந்தால் தத்துப்பூச்சி என்பது

பயிரை உறிஞ்சுகிற தத்துப்பூச்சி பச்சை, புகையான் முட்டையைத் தின்கிற மிரிட்டும் பச்சைதான். கொன்றுவிட்டுத் தேடாதீர்கள்.

யூரியாவை அள்ளிப் போடுவது

பயிர் கரும்பச்சையாக இருந்தால் நமக்குப் பிடிக்கும். புகையானுக்கும் பிடிக்கும்.

பட்டம் விடாமல் நடுவது

8 அடிக்கு ஒரு தரம் 1 அடி இடத்தை நடாமல் பட்டமாக விட மனசு வராது, எனக்கும் வரவில்லை. தூரில் காற்றும் வெயிலும் படாத வயலில்தான் புகையான் குடித்தனம் நடத்தும்.

டிரைக்கோகிரம்மா அட்டை கட்டிய மறுநாளே மருந்து அடிப்பது

அந்த அட்டையிலிருந்து வருகிற குட்டிக் குளவி இலை சுருட்டுப் புழுவின் முட்டையை அழிக்கும், மருந்து அந்தக் குளவியையே கொன்றுவிடும். அதற்குக் காசை வாய்க்காலில் போடலாம்.

எண்ணாமல் அடிப்பது

தூரைச் சாய்த்துத் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும். சிலந்தி இல்லாவிட்டால் தண்டுக்கு ஒரு புகையான், தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு பத்து தூர் தட்டினேன். சிலந்தி பதினொன்று, புகையான் மூன்று. ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டார். உடைத்த டப்பாவைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களே என்பதுதான் இப்போது அவர் கவலை.