தேயிலைக் கொழுந்தை இங்க்ஸ்கேப்பில் வரைவது எப்படி?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் விளையாட்டுக் கழக டீசேர்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை விழா பேனர் என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு கொழுந்துப் படம் இருக்கும். பெரும்பாலும் இணையத்தில் இருந்து இறக்கிய படம். பேனர் அளவுக்குப் பெரிதாக்கியதும் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். வெக்டர் படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதில் இருப்பவை புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளும்தான். எந்த அளவு கேட்டாலும் கணினி அதை மறுபடி கணக்குப் போட்டு வரைந்து கொடுக்கும்.

மென்பொருள் விஷயத்தில் என் தேர்வு இங்க்ஸ்கேப். இல்லஸ்ட்ரேட்டர் நல்லதுதான், ஆனால் மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். பழகுகிற பிள்ளைக்கு அது தேவையில்லாத செலவு. இங்க்ஸ்கேப் இலவசம், ஒரு தடவை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். மலைக்குப் பின்னால் சிக்னல் போய்விடுகிற இடங்களில் இது பெரிய உதவி. 2020இல் வந்த 1.0 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும். நிறுவியதும் பிரிஃபரன்சஸில் ஆட்டோசேவ் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டிராயிங் டேப்லட் வேண்டாம், சாதாரண மவுஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். மடிக்கணினியின் டச்பேடில் இதைப் பழகாதீர்கள், கை வலிதான் மிஞ்சும்.

முதலில் கொழுந்தைப் பாருங்கள்

இலங்கையில் இருந்துகொண்டு கொழுந்தைத் தப்பாக வரைவது எனக்குப் பொறுக்காது. இறக்கிய படங்களில் இரண்டு இலையும் ஒரே அளவில், நேருக்கு நேராக, நடுவில் பூ மொட்டு மாதிரி உருண்டையாக ஒன்றுடன் இருக்கும். தேயிலைச் செடியில் இலைகள் மாறி மாறித்தான் வரும். மொட்டுக்குப் பக்கத்தில் உள்ள இலை சிறியது. அதற்குக் கீழே, எதிர்ப்பக்கம் வரும் இரண்டாவது இலை பெரியது. மொட்டு என்பது இன்னும் விரியாத இலை, ஊசி போல ஒல்லியாக நிற்கும். நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிற அம்மாமார் பார்த்த உடனே வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் பார்த்து ‘இது நம்ம கொழுந்துதான்’ என்று சொல்கிற மாதிரி வரைய வேண்டும்.

ஒரு கொழுந்தைப் பறித்து வெள்ளைத்தாளில் வைத்து, நேர் மேலிருந்து போனில் படம் எடுங்கள். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல்+ஐ அழுத்தி அதை உள்ளே கொண்டுவாருங்கள். எம்பெட், லிங்க் என்று கேட்டால் எம்பெட்டைத் தெரிவு செய்யுங்கள். லிங்க் கொடுத்தால் போட்டோவை வேறு ஃபோல்டருக்கு மாற்றியதும் காணாமல் போய்விடும். படம் மங்கலாகத் தெரிய ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, அந்த லேயரை (அடுக்கை) பூட்டிவிட்டு, மேலே புது லேயர் ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

போட்டோவைத் தானாகவே வடிவமாக மாற்றும் டிரேஸ் பிட்மேப்பில் போட்டால் ஒரே கிளிக்கில் முடியுமே என்று தோன்றும். வேண்டாம். நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு ஒரு வடிவம் வரும், பிறகு எதையும் ஒழுங்காகத் திருத்த முடியாது.

இலை: 4 புள்ளிகள் போதும்

அதிகம் பேர் நின்றுவிடுகிற இடம் இதுதான், நானும் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். அதனால் மெதுவாகப் போவோம்.

பென் கருவியை எடுக்க ‘பி’ (B) விசையை அழுத்துங்கள். இலையின் அடியில் ஒரு கிளிக். இடது பக்கம் இலை அதிகமாக அகன்றிருக்கும் இடத்தில் ஒரு கிளிக். நுனியில் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கடைசியாக, தொடங்கிய புள்ளியின் மேலேயே கிளிக் செய்து வடிவத்தை மூடுங்கள். மவுஸை இழுக்கக் கூடாது, வெறும் கிளிக் மட்டும். இப்போது சாய்ந்த பட்டம் மாதிரி ஒரு வடிவம் இருக்கும். சரி, பயப்பட வேண்டாம்.

அப்புறம் ‘என்’ விசை. புள்ளிகளைத் திருத்தும் கருவி வரும். இடது, வலது இரண்டு புள்ளிகளையும் ஷிஃப்ட் பிடித்துத் தெரிவு செய்து, ஷிஃப்ட்+ஏ அழுத்துங்கள். பக்கங்கள் வளைந்து, அடியும் நுனியும் கூராகவே நிற்கும். இலை வந்துவிட்டது.

போட்டோவோடு சரியாகப் பொருந்தாத இடத்தில் உடனே இன்னொரு புள்ளி வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். பக்கத்துப் புள்ளியைக் கிளிக் செய்தால் இரண்டு கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கோடு எந்தத் திசையில் புறப்பட வேண்டும் என்பதைக் கைப்பிடியின் திசை சொல்கிறது. அந்தத் திசையிலேயே எவ்வளவு தூரம் போய் வளைய வேண்டும் என்பதை அதன் நீளம் சொல்கிறது. முதலில் திசையைச் சரிசெய்யுங்கள், பிறகு நீளம். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் கோடு தடுமாறும். புள்ளி கூடக்கூட வளைவில் மேடு பள்ளம் கூடும். தேவையில்லாத புள்ளியைத் தெரிவு செய்து டிலீட் அழுத்திப் பாருங்கள், கோடு பெரிதாக மாறாவிட்டால் அது இல்லாமலே இருக்கலாம்.

இந்தக் கைப்பிடி முறை கார் தொழிற்சாலைகளில் இருந்து வந்தது. பிரான்சில் சித்ரோயனில் இருந்த பால் டி காஸ்தெல்ஜோ, ரெனோவில் இருந்த பியர் பெசியர் என்ற இருவரும் தனித்தனியாக, கார் உடம்பின் வளைவுகளைக் கணக்கில் எழுதுவதற்காக உருவாக்கினார்கள். வழுவழுப்பான வளைவுக்கு ஏன் குறைந்த புள்ளிகள் போதும் என்பது அதில் இருந்தே விளங்கும்.

தேயிலையின் ஓரம் வாள்பல் மாதிரி இருக்கும்தான். டீசேர்ட் அளவுக்கு அதை வரைய வேண்டாம், ஸ்கிரீன் பிரிண்டில் மை அடைத்துவிடும்.

நரம்பு, தண்டு, மொட்டு

நடு நரம்பைப் பென் கருவியால் தனிக் கோடாக வரையுங்கள். அடிக்குச் சற்று மேலே தொடங்கி, நுனிக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பாத் மெனுவில், கோட்டை வடிவமாக மாற்றும் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து, இலையையும் சேர்த்துத் தெரிவு செய்து, டிஃபரன்ஸ் கொடுங்கள். இலையில் நரம்பு வெட்டி எடுக்கப்பட்டு, பின்னால் உள்ள துணியின் நிறம் அதில் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும், காசும் கூடும். இப்படி வரைந்தால் ஒரே நிறத்தில் வேலை முடியும்.

இரண்டாவது இலைக்குக் கண்ட்ரோல்+டி (D) போட்டுப் பிரதி எடுத்து, ‘எஸ்’ விசையால் தெரிவுக் கருவிக்கு வந்து, ‘எச்’ அழுத்தித் திருப்புங்கள். பெரிதாக்கிக் கீழே இறக்குங்கள். மறுபடி ஒரு கிளிக் செய்தால் சுழற்றும் அம்புகள் வரும். மொட்டும் அதே 4 புள்ளி முறைதான், ஒல்லியாக. தண்டு ஒரு தடித்த கோடு, அதற்கும் ஸ்ட்ரோக் டு பாத். எல்லாவற்றையும் தெரிவு செய்து யூனியன் கொடுத்தால் ஒரே வடிவம்.

கழகத்தின் பெயர்

பாமினி போன்ற பழைய முறை எழுத்துருவில் அடிக்காதீர்கள். யூனிகோடில் அடியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் இரண்டும் இலவசம், இங்க்ஸ்கேப்பில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும். அச்சகத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைலுக்குப் பிரதி எடுத்துவைத்துவிட்டு, பிரதியில் எழுத்தைத் தெரிவு செய்து, அதை வெறும் வடிவமாக மாற்றும் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். அதன்பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் முதலில் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆகக் கொடுப்பதே நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

பிறகு சேர்த்தவை

செய்து பார்த்தவர்கள் கேட்டதில் அடிக்கடி வந்தவை இவை. டிஃபரன்ஸ் கொடுத்ததும் இலையும் நரம்பும் இரண்டுமே காணாமல் போனால், நரம்பு இலைக்கு அடியில் இருக்கிறது என்று அர்த்தம். பின்வாங்கி (அண்டூ செய்து), நரம்பைத் தெரிவு செய்து ஹோம் விசையை அழுத்தி மேலே கொண்டுவந்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

டிஃபரன்ஸ் வேலையே செய்யவில்லை என்றால், நரம்புக் கோட்டுக்கு ஃபில் நிறமும் (உள்ளே நிரப்பும் நிறம்) இருந்திருக்கும். அப்படி இருந்தால் ஸ்ட்ரோக் டு பாத் அதை இரண்டு துண்டாகப் பிரித்துக் குரூப் ஆக்கிவிடுகிறது. பின்வாங்கி, ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையில் ஃபில்லுக்கு எக்ஸ் போட்டுவிட்டு, பிறகு மாற்றுங்கள். தண்டுக்கும் இதேதான்.

இலையைச் சிறிதாக்கும்போது கோட்டின் தடிப்பும் மாறுகிறது என்று சொன்னவர்களுக்கு: தெரிவுக் கருவியில் இருக்கும்போது மேல்பட்டையில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள். வட்டம், செவ்வகக் கருவிகளால் வரைந்ததில் புள்ளிகளைத் திருத்த முடியவில்லை என்றால், முதலில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். அதன்பின் ‘என்’ விசை வேலை செய்யும்.