கப்பலில் ஃபார்மல் நைட்: பட்டுப்புடவையும் வேட்டியும் எடுத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு க்ரூஸ் பயணம் இப்போது பழகிவிட்டது. பேலார்ட் பியரில் கப்பல் ஏறி கோவா, லட்சத்தீவு பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து கப்பல் ஏறுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையோ பெண்ணோ டிக்கெட் போட்டு, செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் போன அப்பா அம்மாவை மயாமியில் கப்பல் ஏற்றுவதும் நடக்கிறது. விசா, இன்ஷூரன்ஸ், டாலர் எல்லாம் முடிந்து பெட்டி கட்டும் வாரத்தில்தான் அந்தக் கேள்வி வருகிறது: "ஃபார்மல் நைட்டுன்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன போட்டுக்கறது?" இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் நன்றாக உடுத்தி வரச் சொல்கிற ராத்திரிக்குத்தான் கப்பலில் அந்தப் பெயர்.

அதோடு வீட்டுக்குள் இரண்டு கட்சியும் உருவாகிவிடும். லீவுக்குப் போகிற இடத்தில் கோட்டும் டையும் எதற்கு, காசு கொடுத்தது நாம்தானே என்பது ஒரு கட்சி. வாழ்க்கையில் ஒரு ராத்திரியாவது நன்றாக உடுத்திக்கொண்டு போய் உட்காரலாமே, பக்கத்து மேஜைக்காரர் அரை டிராயரோடு வந்தால் அந்த இடத்தின் அழகே போய்விடுமே என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் டிக்கெட் வாங்கும்போது பேசி முடிக்க வேண்டியதைக் கப்பலில் ஏறிய பிறகு பேசினால், பயணத்தில் ஒரு நல்ல மாலை வீணாகப் போகும். என்னைக் கேட்டால், முதல் தவறு அதுதான்.

எல்லாக் கப்பலும் ஒன்றுதான் என்று நினைப்பது

உடை விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரு முனையில் கியூனார்ட். சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையில் குயின் மேரி 2 கப்பலை ஓட்டுகிறவர்கள் இவர்கள்தான். மாலை 6 மணிக்குப் பிறகு கப்பல் முழுவதற்குமே ஓர் உடை ஒழுங்கு வந்துவிடும். 7 இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு 'காலா ஈவினிங்' வைப்பார்கள், ஃபார்மல் நைட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட், இல்லாவிட்டால் டையோடு கருநிற சூட். அப்படி உடுத்த விருப்பமில்லாதவர்களுக்கு பஃபே, பப் மாதிரி சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு முனையில் நார்வீஜியன். 2000-ல் 'ஃப்ரீஸ்டைல்' என்று அறிவித்து, குறித்த நேரச் சாப்பாட்டையும் கட்டாய ஃபார்மல் இரவையும் விட்டுவிட்டார்கள். வைக்கிங் கடல் கப்பல்களில் விலை அதிகம், ஆனால் டை கட்டச் சொல்வதில்லை. விலை கூடினால் உடைக் கண்டிப்பும் கூடும் என்ற நம்பிக்கை தப்பு என்பது இதிலேயே தெரிந்துவிடும். நம்மவர்கள் அதிகம் போகிற ராயல் கரீபியன், கார்னிவல் போன்றவை நடுவில் நிற்கின்றன. ஒன்றிரண்டு இரவுகளுக்கு நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். கோட் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் இஸ்திரி போட்ட பேண்டும் காலர் வைத்த முழுக்கை சட்டையும் போதும்.

கம்பெனிகள் இந்த இரவுகளின் பெயரையும் விதியையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதனால் மூன்று வருஷம் முன்னால் போய்வந்த மாமா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பயணத் தேதிக்கு அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.

பிறர் சொல்லைக் கேட்டு உடுத்துவது பழைய பழக்கம். 1888 செப்டம்பர் 4 அன்று இதே பம்பாயிலிருந்து கிளைட் என்ற கப்பலில் இங்கிலாந்து புறப்பட்ட 18 வயது காந்தி, கப்பலில் கருப்பு சூட் போட்டுக்கொண்டார். நண்பர்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஃபிளானல் சூட்டைக் கரை இறங்கும் நாளுக்கென்று பத்திரமாக வைத்திருந்தார். இறங்கியது செப்டம்பர் கடைசி, அங்கே குளிர் தொடங்கிவிட்ட நேரம். வெள்ளை உடையில் நின்றது அவர் ஒருவர்தான். அந்தக் கூச்சத்தை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாததால் சாப்பாட்டு அறைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் கேபினிலேயே சாப்பிட்டதையும் எழுதியிருக்கிறார். அந்தக் கூச்சம் இன்றைக்கும் நம் பெரியவர்களிடம் இருக்கிறது. "நீங்கள் எல்லாரும் போங்கோ, நான் ரூமிலேயே இருந்துக்கறேன்" என்று ஒரு பாட்டி சொன்னால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் என்ன உடுத்துவது, எப்படிச் சாப்பிடுவது என்ற பயம்தான் அதற்குக் காரணம். அதை முன்பே பேசித் தீர்க்கலாம்.

நம் உடை ஃபார்மல் இல்லை என்று நினைப்பது

பயணத்துக்கென்றே தாதர் ஹிந்த்மாதா பக்கம் போய், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போடப்போகிற கோட்டைத் தைத்துக்கொள்கிறார்கள். கோட் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் போடட்டும். பழக்கமில்லாத 65 வயதுக்காரரைக் கழுத்துப் பட்டனைப் போட்டு உட்காரவைத்து, சூப் குடிக்கும்போது டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதில் என்ன அழகு இருக்கிறது? கியூனார்டின் விதியிலேயே முறையான தேசிய உடைக்கு இடம் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட்டோடு வருகிற இடத்துக்கு நாம் ஜரிகை வேட்டியோடு போகலாம். மற்ற கம்பெனிகளிலும் பட்டுப்புடவை, கழுத்து மூடிய பந்த்கலா கோட், ஷெர்வானி எல்லாம் சகஜம். ஒரு காஞ்சிபுரம் புடவைக்கு மேல் ஃபார்மல் உடை என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

வேட்டி என்றதும் பலருக்கு 2014 ஞாபகம் வரும். அந்த ஜூலையில், வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சேப்பாக்கத்தில் இருக்கும் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே வருஷம் தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டியோடு வருகிறவர்களைக் கிளப்புகள் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஆனால் அது தமிழ்நாட்டுக்குள்தான் செல்லும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் அதைக் காட்டி வாதாட முடியாது. வாதாட வேண்டியும் வராது, முழுமையாக உடுத்தியிருந்தால்.

முழுமை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வேட்டியில் ஆட்சேபம் வருகிற இடம் பெரும்பாலும் வேட்டி கிடையாது. மடித்துக் கட்டுவது, மேலே டி-ஷர்ட், காலில் ரப்பர் செருப்பு, இவைதான். நான்கு விரல் ஜரிகைக் கரை போட்ட எட்டு முழ வேட்டி, வெள்ளையோ சந்தன நிறமோ பட்டு முழுக்கைச் சட்டை, தோளில் மடித்த அங்கவஸ்திரம், காலில் மெருகு போட்ட கோலாப்பூரி அல்லது தோல் ஷூ. இப்படி வருகிறவரை வாசலில் நிற்கும் ஊழியர் மரியாதையாகத்தான் அழைத்துப் போவார். கடல் கொஞ்சம் ஆடினால் படிக்கட்டில் கால் தடுக்கும், டெக்கில் காற்று பலமாக அடிக்கும். பஞ்சகச்சம் கட்டத் தெரிந்தவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் ஒட்டிக்கோ வேட்டியோ, உள்ளே இறுக்கமான பெல்ட்டோ வைத்துக்கொள்ளுங்கள். புடவைக்கும் அதேதான்: முந்தானைக்கு இரண்டு ஊக்கு, தாழ்ந்த குதிகால் செருப்பு. சாப்பாட்டு ஹாலில் ஏ.சி. பலமாக இருக்கும், சால்வை கட்டாயம். சந்தேகம் இருந்தால் டிராவல் ஏஜென்ட் மூலம் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற 'தீம்' கட்டாயம் என்று எடுத்துக்கொள்வது

சில கப்பல்களில் 'பிளாக் அண்ட் வைட்' இரவு வைப்பார்கள். எம்எஸ்சி கப்பல்களில் எல்லாரும் வெள்ளையில் வருகிற பார்ட்டி உண்டு. நம் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. கல்யாணமாகி மூன்று மாதமான பெண்ணைக் கருப்பு உடுத்தச் சொன்னால் மாமியாருக்கு மனசு கேட்காது. சுமங்கலிப் பெரியவரிடம் வெறும் வெள்ளைப் புடவையை நீட்டவும் முடியாது. அவர்களை "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று மடக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லீவில் போய் ஒருவர் மனசைப் புண்படுத்தி எடுக்கிற குரூப் போட்டோ எதற்கு?

இந்தத் தீம்களைக் கடைப்பிடிக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்குப் பச்சைப் பட்டு உடுத்திப் போனாலும் இடம் கிடைக்கும். சேர்ந்துகொள்ள ஆசையிருந்தால் வெள்ளை இரவுக்குத் தங்கக் கரை போட்ட கேரளா செட்டுமுண்டு, கருப்பு வெள்ளைக்கு அரக்குக் கரை போட்ட கட்டம் புடவை என்று வழி இருக்கிறது.

சைவக்காரர்கள் அந்த இரவைச் சொல்லாமல் தவிர்ப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஃபார்மல் இரவில் மெயின் டைனிங் ரூமில் லாப்ஸ்டர் போடுவது பல கம்பெனிகளில் வழக்கம். நமக்கு லாப்ஸ்டர் வேண்டாம், கோட்டும் வேண்டாம், பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பதில் தப்பில்லை. பஃபே திறந்திருக்கும், அங்கே சாதாரண உடையே போதும். ஆனால் இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தனியாகச் சமைப்பது டைனிங் ரூம் சமையலறை. ஹெட் வெயிட்டர் முதல் நாள் இரவே வந்து, நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவார். பூண்டு வெங்காயம் இல்லாமல் பருப்பும் ஒரு கறியும் உங்கள் மேஜைக்கென்று தயாராகி நிற்கும்போது நீங்கள் வரவில்லை என்றால் அவ்வளவும் வீண். போகப்போவதில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அதேபோல, ஒரே குடும்பத்தில் நாலு பேர் உடுத்திக்கொண்டு டைனிங் ரூமுக்கும், இரண்டு பேர் டி-ஷர்ட்டோடு பஃபேக்கும் போவதில் ஒரு குறையும் இல்லை. எல்லாரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று இழுப்பதில்தான் முகம் வாடுகிறது. சாப்பாடு முடிந்து ஷோவுக்கு ஒன்றாக உட்காரலாம். போட்டோகிராஃபர்கள் அன்றைக்குத்தான் விதவிதமான திரைகளை மாட்டிவைத்து நிற்பார்கள். எடுத்துக்கொள்ளலாம், வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. விலை அதிகம்.

இஸ்திரிப் பெட்டியை நம்பிப் பெட்டி கட்டுவது

கப்பலில் பெரிய பயம் தீ. அதனால் பெரும்பாலான கம்பெனிகள் இஸ்திரிப் பெட்டியையும் துணி ஸ்டீமரையும் கேபினுக்குக் கொண்டுவர விடுவதில்லை. ஸ்கேனில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவார்கள். கியூனார்ட் கப்பல்களில் பயணிகளே இஸ்திரி போட்டுக்கொள்ள லாண்டரி அறை உண்டு. ராயல் கரீபியனில் கிடையாது, காசு கொடுத்துக் கப்பல் லாண்டரியில்தான் போட வேண்டும். ஃபார்மல் இரவுக்கு முன் எல்லாரும் கொடுப்பார்கள், எனவே ஏறின அன்றே கொடுத்துவிடுங்கள்.

சட்டையும் கோட்டும் சுருங்கியிருந்தால், குளியலறையில் மாட்டி வெந்நீரைத் திறந்துவிட்டால் ஆவியில் ஓரளவு சரியாகும். பட்டில் அதைச் செய்யாதீர்கள், தண்ணீர்த் திட்டு விழுந்தால் போகாது. பட்டுப்புடவையை நாலாக மடித்து அழுத்துவதைவிட, மெல்லிய பருத்தித் துணியோடு சேர்த்து உருளையாகச் சுற்றினால் ஜரிகை உடையாது, மடிப்புத் தழும்பும் விழாது. பெரும்பாலான கேபின் சுவர்கள் இரும்புத் தகடு என்பதால், காந்தக் கொக்கி நாலைந்து எடுத்துப் போனால் முந்தின நாளே வேட்டியையும் புடவையையும் மாட்டிவைக்கலாம்.

நாளைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது

பழைய நீராவிக் கப்பல் காலத்திலிருந்தே முதல் இரவும் கடைசி இரவும் ஃபார்மலாக இருப்பதில்லை. முதல் நாள் டிரங்குப் பெட்டி பிரித்திருக்க மாட்டார்கள், கடைசி நாள் கட்டியாகிவிடும். இன்றைக்கும் அதே காரணம் செல்லும். ஏறும்போது ஒப்படைத்த பெட்டி கேபின் வாசலுக்கு வர மாலை ஆகிவிடும். அதனால் முதல் இரவுக்கு ஒரு நல்ல சட்டையோ சுடிதாரோ கைப்பையில் இருக்கட்டும். ஃபார்மல் இரவு பொதுவாகத் துறைமுகம் எதிலும் நிற்காத கடல் நாளில் வரும். ஊர் சுற்றிக் களைத்து வந்தவர்களை அலங்கரித்துக்கொள்ளச் சொல்ல முடியாது அல்லவா? தேதி கப்பலின் ஆப்பிலும் தினசரி அட்டவணையிலும் இருக்கும். எந்த நாள் என்று தெரிந்துவிட்டால் ஒரு பட்டு போதுமா, இரண்டு வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும், விமானத்தில் எடைத் தகராறும் வராது.

கரீபியன் பக்கம் போகிறவர்களுக்கு உடை சம்பந்தமாக இன்னொன்று: பார்படாஸ் போன்ற சில தீவுகளில் ராணுவ உடையில் வருகிற திட்டுத் திட்டான 'கேமஃப்ளாஜ்' டிசைனைப் பொதுமக்கள் போடுவது சட்டப்படி குற்றம். பேரனுடைய அந்த மாதிரி டிராயரும் தொப்பியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைப் பூட்டி கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். ராத்திரியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மறுபடி கையில் கிடைப்பது கரையில்தான். எல்லாத் துணியையும் ஒழுங்காகப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு, மறுநாள் காலை இரவு உடையிலேயே இமிக்ரேஷன் வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. காலைக்கான துணி ஒரு செட், செருப்பு, பாஸ்போர்ட், மாத்திரை இத்தனையும் கைப்பையில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு பெட்டியை வெளியே வையுங்கள்.